பாப்பரசரைப் பற்றித் தம்பியின் அபிப்பிராயம்

மரியரஞ்சனிக்கு ஊராரின் அபிப்பிராயத்தைக் கேட்பதுதான் தொழில். அந்தத் தொழிலை அவளுக்குக் கொடுத்தவர்கள் ஒரு நாளாவது அவளுடைய வீட்டுக்கு வந்து பார்த்திருந்தால் கொடுத்திருக்கவே மாட்டார்கள். ஒஸ்லோப் புறநகர் குரோருட்டில் நாலாம் மாடியில் இருக்கும் அந்த வீட்டில், சோபா எந்தப் பக்கம் பார்த்திருக்கவேண்டும் என்பதிலிருந்து மகள் என்ன பாடம் படிக்கவேண்டும் என்பதுவரை அவள் வைத்ததுதான் சட்டம். கணவர் ஜெயரத்தினம் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர். "பஸ்ஸிலையும் சாரதியோடை கதைக்கக்கூடாது எண்டு எழுதியிருக்கு, வீட்டிலையும் அதுதான்" என்று கூட்டாளிகளுக்குச் சொல்லுவார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். மனுசன் அப்படிச் சிரித்தே இருபத்துச் சொச்ச வருசத்தை ஓட்டிவிட்டார்.

அவளுக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணத்துப் பாசையூர். எண்பத்தைந்தில் நோர்வேக்கு வந்து இறங்கியது ஒஸ்லோவில் அல்ல, வடக்கே ஹம்மர்பெஸ்டில், ஒரு மீன் தொழிற்சாலையில். "மீன் பிடிக்கிற ஊரிலையிருந்து மீன் வெட்டுற ஊருக்கு வந்தனான், கடல் மட்டும் கொஞ்சம் குளிர்" என்பாள். பக்கத்தில் நின்று மீன் வெட்டிய பெண்களிடம்தான் நோர்வேஜிய மொழி பழகினாள். அது பள்ளிக்கூடத்து மொழியல்ல. உப்பும் கெட்டவார்த்தையும் தாராளமாகக் கலந்த வடக்கத்திப் பேச்சு. மகள் சாருகா அங்கேதான் பிறந்தாள். பிறகு தன் தம்பி அருளானந்தனையும் கூப்பிட்டெடுத்தாள். அவனும் அதே மேசையில் நின்று அதே பெண்களிடம் அதே பேச்சைப் பழகினான். அக்காவும் தம்பியும் நோர்வேஜிய மொழியில் கதைத்தால், கண்ணை மூடிக் கேட்கிறவர்களுக்கு இரண்டு வடக்கத்தி மீனவர்கள் சண்டை பிடிப்பதுபோல இருக்கும்.

பின்னால் எல்லோரும் தெற்கே வந்தார்கள். ஒஸ்லோவில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் சட்டி தூக்கித் தூக்கி அவளுடைய தோள்மூட்டு போய்விட்டது. இனிப் பாரம் தூக்காத வேலை வேண்டும் என்றபோது, கருத்துக்கணிப்பு நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவளை எடுத்தது அவளுடைய குரலுக்காக. மாலையானால் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்காருவாள். கணினி தானாக இலக்கம் சுழற்றும். எடுக்கிறவர்கள் யாரோ வடக்கே பின்மார்க் பக்கத்துப் பெண்மணி என்று நினைத்து, மற்றவர்களுக்குச் சொல்லாததையெல்லாம் இவளுக்குச் சொல்வார்கள். நேரில் கண்டால் தலையைக்கூட ஆட்டாத சனம் தொலைபேசியில் அவளிடம் விவாகரத்துக் கதைவரை சொல்லியிருக்கிறது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சும்மாவா?

வேலையில் இரண்டு கட்டளை. எழுதியிருப்பதை எழுதியபடியே வாசிக்கவேண்டும். வாசிக்கிறவளின் அபிப்பிராயம் மூச்சில்கூடத் தெரியக்கூடாது. அடுத்தது, தெரிந்தவர் யாராவது அகப்பட்டால் உடனே நிறுத்தி, இலக்கத்தை வேறு ஆளுக்கு மாற்றிவிடவேண்டும். இங்குன் என்ற மேற்பார்வையாளர் தன் இடத்திலிருந்தபடியே எவருடைய அழைப்பையும் காதுகொடுத்துக் கேட்பார். முதலாவது கட்டளையை மரியரஞ்சனி காப்பாற்றியது பெரிய அதிசயம். ஜெயரத்தினம் அதை இன்றுவரை நம்பவில்லை.

இனி அவளுடைய தம்பியின் கதைக்கு வருவோம்.

பழைய பாப்பரசரின் அடக்கம் இரண்டாயிரத்தைந்து சித்திரையில் நடந்தது. எண்பத்தொன்பதில் அவர் நோர்வேக்கு வந்தபோது, அக்காவும் தம்பியும் ஹம்மர்பெஸ்டிலிருந்து துரொம்சோவுக்கு பஸ் பிடித்துப் போய், கூட்டத்தில் நசிபட்டு, ஒரு வெள்ளைத் தொப்பியை மட்டும் கண்டு திரும்பியவர்கள். அந்த வெள்ளைத் தொப்பி அவளுக்குப் போதும். பெற்ற தகப்பனுக்குச் சமம். அடக்கத்தன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு, வீடு நிறையச் சனத்தை அழைத்து, ரோல்ஸ் பொரித்து வைத்து, தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து அழுதாள். அருளானந்தனும் மனைவி மக்டலீனோடு வந்திருந்தான். ஆனால் அதற்கு ஒரு வருசம் முன்னரே அவன் பூசைக்குப் போவதை நிறுத்தி, அல்லேலூயாச் சபையில் சேர்ந்திருந்தான். புதிதாக ஞானம் பெற்றவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"அவரும் எங்களைப்போலை ஒரு மனுசன்தானே. மனுசனை இப்பிடிக் கும்பிடுறது பிழை எண்டு வேதத்திலை இருக்கு" என்றான்.

மரியரஞ்சனி எழுந்து வந்தாள். அவன் வாய்க்குக் கொண்டுபோன தேநீர்க் கோப்பையை அவன் கையிலிருந்து பறித்துக்கொண்டுபோய்க் குசினித் தொட்டியில் ஊற்றினாள். அத்தனை சனத்துக்கு முன்னால். எங்கள் ஆட்களுக்கு இரண்டு அடி போட்டால்கூட ஒருநாள் மறப்பார்கள், வாய்க்குப் போனதைப் பறித்தால் சாகும்வரை மறக்கமாட்டார்கள். அருளானந்தன் ஜாக்கெட்டை எடுத்தான். மக்டலீன் கையைப் பிசைந்துகொண்டு பின்னால் போனாள். அன்றோடு கதைபேச்சு நின்றது.

கதைபேச்சு இல்லையென்றால் ஒன்றுமே கதைப்பதில்லை என்று வெளியாட்கள் நினைக்கக்கூடும். அது எங்கள் சனத்தைத் தெரியாதவர்களின் நினைப்பு. எங்கள் சனம் கோபத்திலும் கதைக்கும். நேரே கதைக்காது, அவ்வளவுதான். சுவருக்குச் சொல்லும், தூணுக்குச் சொல்லும், மடியிலிருக்கிற பிள்ளைக்குச் சொல்லும். கேட்கவேண்டிய ஆள் கேட்டுக்கொள்ளும். ஸ்டோவ்னர் தமிழ்க்கடையில் ஒருநாள் இரண்டுபேரும் எதிரும் புதிருமாக மாட்டிக்கொண்டார்கள். "சில ஆக்களுக்கு வேதம் தெரிஞ்ச அளவுக்கு மூத்தவையைத் தெரியேல்லை, என்ன?" என்று மரியரஞ்சனி கடைக்காரருக்குச் சொன்னாள். அருளானந்தன் குளிர்ப்பெட்டியில் கிடந்த அறக்குளா மீனைப் பார்த்து, "சில ஆக்களின்ரை வீட்டிலை தேத்தண்ணியும் கடனுக்குத்தான்" என்றான். கடைக்காரர் பாவம், நடுவில் நின்று கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார்.

மூன்று வருசம் இப்படியே போனது. பிறகு சாருகாவுக்குக் கல்யாணம் பொருந்தியது. மாப்பிள்ளை பேர்கனில் வேலைசெய்யும் தமிழ்ப் பெடியன். இரண்டாயிரத்தெட்டு வைகாசி பத்தாம் தேதி, சென்ட் ஒலாவ் கோயிலில். கல்யாணப் பொம்பிளையைக் காரிலிருந்து கைபிடித்து இறக்குவது தாய்மாமன்தான் என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். இரத்த உறவுக்குக் கல்யாணம் சொல்வதென்றால் வாசலுக்குப் போய் வாயால் சொல்லவேண்டும் என்பதும் வழக்கம். ஆள்விட்டுச் சொன்னால் அது இன்னொரு கோப்பையைப் பறித்ததற்குச் சமம்.

"மாமா இல்லாட்டி எப்பிடி அம்மா ஹிகெலியா இருக்கும்?" என்றாள் சாருகா. மனதுக்கு இதமாக இருக்கிற எல்லாவற்றுக்கும் நோர்வேயில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த ஒரு சொல்தான். "மாமா வராட்டி நான் காரிலை இருந்து இறங்கமாட்டன். அப்பிடியே திருப்பி வீட்டை விடச் சொல்லுவன்."

"அவன் வந்து கேக்கட்டும். அவனுக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்றாள் தாய்.

வாய் அப்படிச் சொன்னது. மனம் வேறு சொன்னது. அவளுக்குத் தம்பி வேண்டும். அவன் நிற்காத கல்யாணத்தை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் போய் அவன் வாசலில் நிற்கக் கால் வரவில்லை. பிழை தன்னுடையது என்று தெரிந்திருந்ததால் அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பிழை அவனுடையதாக இருந்திருந்தால் பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டு வந்திருப்பாள். கல்யாணம் சொல்ல ஸ்டோவ்னருக்குப் போனபோதெல்லாம், அவன் இருக்கும் கட்டடத்துக்கு முன்னால் ஜெயரத்தினம் காரை மெதுவாக்குவார். "ஏன் இஞ்சை உருட்டுறியள், ரோட்டிலை முட்டையோ போட்டிருக்கு?" என்பாள். அவரும் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பாப்பரசர் வேலையில் வந்து குறுக்கிட்டார்.

அந்தச் சித்திரையில் புதிய பாப்பரசர் அமெரிக்காவுக்குப் போக இருந்தார். அமெரிக்காவில் கத்தோலிக்கர்கள் அவரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அங்கே ஓர் ஆய்வு நிலையம் கணிப்பு எடுக்கத் தொடங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு சில நாடுகளும் வேண்டுமாம். நோர்வே இவர்களுடைய பங்கில் விழுந்தது. நோர்வேயில் கத்தோலிக்கர் எங்கே இருக்கிறார்கள்? தேடிப் பிடிக்கவேண்டும். ஆகவே வெளிநாட்டவர் அதிகம் இருக்கிற குரோருட் பள்ளத்தாக்கு இலக்கங்களைக் கூடுதலாகப் போட்டிருப்பதாக இங்குன் விளக்கினார்.

மரியரஞ்சனிக்குத் தலை சுற்றியது. பரிசுத்த பிதாவை நாலு பெட்டிக்குள் அடைப்பதா? மிகவும் சாதகம், ஓரளவு சாதகம், ஓரளவு பாதகம், மிகவும் பாதகம். அவர் என்ன தேர்தலுக்கா நிற்கிறார்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தமிழ்ச் சுவாமியை மறித்து, இப்படிக் கேள்வி கேட்பது பாவமா என்று விசாரித்தாள். "கேக்கிற ஆளுக்குப் பாவமில்லை, பதில் சொல்லுற ஆள்தான் யோசிக்கவேணும்" என்று சுவாமி சொல்லித் தப்பிக்கொண்டார்.

வேலை தொடங்கியது. அந்த நாட்களில் அவள் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல. நோர்வேக்காரர் பலருக்குப் பாப்பரசரைப் பற்றி அபிப்பிராயமே இல்லை. அபிப்பிராயம் இல்லாமலே பாதகம் என்றார்கள். ஒருவர் மட்டும், அவருடைய சிவப்புச் சப்பாத்து நன்றாயிருக்கிறது, அதற்காக ஓரளவு சாதகம் போடுங்கள் என்றார். யாராவது "மிகவும் பாதகம்" என்றால் அந்த விசையை மரியரஞ்சனி சின்னவிரலால் அழுத்துவாள். மற்றக் கை சட்டைப் பைக்குள் செபமாலையைப் பிடித்தபடி இருக்கும்.

நடுநடுவே தமிழ் வீடுகளும் அகப்பட்டன. அவர்களுக்கு இவள் யாரென்று தெரியாது. வடக்கத்திப் பெண்ணொருத்தி என்றுதான் நினைத்தார்கள். ஸ்டோவ்னரில் மங்களேஸ்வரி என்று ஓர் அம்மா, முருகன் கோயிலே கதியென்று கிடக்கிறவர், எல்லாக் கேள்விக்கும் மிகவும் சாதகம் என்றார். "பெரிய சாமியார். நாங்கள் குறை சொல்லக்கூடாது. என் வீட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாதா படமும் வைத்திருக்கிறேன், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்று நோர்வேஜிய மொழியில் விளக்கினார். பதிவதற்குப் பெட்டி இல்லை. அதே மாலையில் ஒரு கத்தோலிக்கர் அகப்பட்டார். "ஓரளவு பாதகம். முன்னவருடைய சிரிப்பு இவரிடம் இல்லை" என்றார். பேச்சுவாக்கில் தமிழ்ப் பூசையில் பாடுவதாக வேறு சொல்லிவிட்டார். அழைப்பு முடிந்த பிறகுதான் குரலை வைத்து யாரென்று ஊகித்தாள். ஆனால் வேலையில் அறிந்ததை வெளியே விடக்கூடாதே. அடுத்த ஞாயிறு அவர் கோயிலில் தொண்டை கிழியப் பாடுவதைக் கேட்டுக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்றாள்.

ஒரு வாரத்தில் அவளுக்கு ஒன்று விளங்கியது. இந்துக்கள் பாப்பரசரைப் புகழ்கிறார்கள். கத்தோலிக்கர்தான் குறை சொல்கிறார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையைக் குறை சொன்னால் மரியாதையில்லை, தன் வீட்டுப் பிள்ளையை எவ்வளவும் சொல்லலாம். அமெரிக்காவிலும் இப்படித்தானோ தெரியாது. அதையும் எழுத அவளிடம் பெட்டி இல்லை.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் கணினி ஓர் இலக்கத்தைச் சுழற்றியது. மறுமுனையில் ஒருவர் எடுத்து, "ஹலோ" என்றார்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? உடனே நிறுத்தும் விசையை அழுத்தியிருக்கவேண்டும். விரல் போகவில்லை. வாய் தன்பாட்டில் வாசிக்கத் தொடங்கியது. இனி வருகிற பேச்செல்லாம் நோர்வேஜிய மொழியில்தான் நடந்தது, அதுவும் அசல் ஹம்மர்பெஸ்ட் பேச்சில்.

"என் பெயர் மரியா. ஒரு கருத்துக்கணிப்புக்காக அழைக்கிறேன். பாப்பரசரைப் பற்றிச் சில கேள்விகள் கேட்கலாமா?"

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

"பாப்பரசரைப் பற்றியா?" என்றான் அருளானந்தன்.

"ஆம்."

"கேளுங்கள்."

"நீங்கள் கத்தோலிக்கரா, வேறு கிறிஸ்தவரா, வேறு சமயத்தவரா, அல்லது சமயம் இல்லாதவரா?"

"கத்தோலிக்கனாகப் பிறந்தேன். இப்போது வேறு கிறிஸ்தவன். என் வீட்டாரிடம் கேட்டால் மனுசர் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள்."

"வேறு கிறிஸ்தவர் என்று பதிகிறேன். பாப்பரசரைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் மிகவும் சாதகமா, ஓரளவு சாதகமா, ஓரளவு பாதகமா, மிகவும் பாதகமா?"

"இப்போது இருப்பவரா, முன்னவரா?"

"இப்போது இருப்பவர்."

"ஓரளவு பாதகம் போடுங்கள். இவர் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. முன்னவரால்தான் எனக்கு நட்டம். இது பதிவதற்கல்ல, சும்மா சொல்கிறேன்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவனும் தன்னைக் கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடித்துவிட்டு, சுவருக்குச் சொல்வதுபோல மரியாவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். இதைவிட நல்ல சுவர் எங்கள் சனத்துக்கு இதுவரை கிடைத்ததில்லை. அவள் அடுத்த கேள்வியை வாசித்தாள்.

"வெவ்வேறு சமயத்தவரிடையே நல்லுறவை வளர்க்கப் பாப்பரசர் போதிய முயற்சி செய்கிறாரா?"

"செய்வார் என்றுதான் நினைக்கிறேன். யார் வந்தாலும் இருக்கச் சொல்லித் தேநீர் கொடுப்பார். கொடுத்ததைத் திருப்பி வாங்கமாட்டார்."

"போதும், போதாது, தெரியாது?"

"போதும். எனக்குத் தெரிந்த சிலரைவிட அவர் திறம்."

மரியரஞ்சனி உதட்டைக் கடித்தாள். ஆனாலும் அவள் மரியரஞ்சனிதானே. "அந்தச் சிலருக்கு அன்றைக்கு மனம் சரியில்லாமல் இருந்திருக்கலாம். செத்தவீட்டு நாளில் வாயை அடக்கியிருக்கலாமே என்று நீங்கள் ஒருநாளும் நினைக்கவில்லையா?"

"இது கேள்வியில் இருக்கிறதா?"

"இல்லை."

"அப்படியென்றால் பதில் சொல்லத் தேவையில்லை" என்றான். பிறகு கொஞ்சம் பொறுத்து, "நினைத்தேன்" என்றான்.

தூரத்தில் இங்குன் தலையை நிமிர்த்திப் பார்த்தார். அவருடைய காதிலும் கருவி இருந்தது. மரியரஞ்சனி திரையைப் பார்த்தாள். அடுத்த கேள்வி அங்கே நின்றது. எத்தனையோ பேருக்கு வாய் தடுமாறாமல் வாசித்த கேள்வி அது.

"திருமணம், மரணச் சடங்கு ஆகியவை தவிர, நீங்கள் எவ்வளவு அடிக்கடி வழிபாட்டுக்குப் போகிறீர்கள்?"

"திருமணம் தவிரவா?"

"ஆம்."

"தவிரத்தான். இப்போது எனக்கு எல்லாமே திருமணம் தவிரத்தான். ஸ்டோவ்னர் முழுக்க ஒரு கல்யாணத்துக்குச் சொல்லி முடிந்துவிட்டதாம். எங்கள் மேல்மாடிக்குச் சொல்லியிருக்கிறார்கள். கீழ்மாடிக்கும் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் லிப்ட் நிற்கவில்லை போல."

அவன் கோபத்தில் இருக்கிறான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். காத்திருக்கிறான் என்று நினைக்கவில்லை. லிப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

"வாரம் ஒருமுறை அல்லது அதற்கு மேல், மாதம் ஒருமுறை, வருடத்தில் சில தடவை, ஒருபோதும் இல்லை?" குரல் கரகரத்தது.

"வாரம் ஒருமுறை அல்லது அதற்கு மேல்."

"நன்றி. கேள்விகள் முடிந்தன."

"மரியா, உங்கள் பேச்சு ஹம்மர்பெஸ்ட் பேச்சுப்போல இருக்கிறதே."

"உங்களுடையதும்தான்."

"அங்கே எனக்கு ஓர் அக்கா இருந்தார். நல்ல மனுசி. வாயும் கையும்தான் கொஞ்சம் நீளம்" என்றுவிட்டுத் தொலைபேசியை வைத்தான்.

மரியரஞ்சனி காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, தானாகவே எழுந்து இங்குனிடம் போனாள்.

"இந்த ஆளோடு நிறையக் கதைத்தாய். யார் இவர்?" என்று இங்குன் கேட்டார்.

"என் தம்பி."

"சொந்தத் தம்பியிடமா பாப்பரசரைப் பற்றிக் கேட்டாய்? வீட்டிலேயே கேட்டிருக்கலாமே."

"வீட்டில் கேட்காமலே சொன்னான். அதனால்தான் இவ்வளவும்."

இங்குனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விதி விதிதான் என்று சொல்லி அந்த நேர்காணலை அழித்தார். இன்னொரு தடவை இப்படி நடக்கக்கூடாது என்றார். "நடக்காது. எனக்கு ஒரு தம்பிதான்" என்றாள் மரியரஞ்சனி. ஆகவே கத்தோலிக்கர் என்ன நினைக்கிறார்கள், மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அமெரிக்காவுக்குப் போன அந்தப் பெரிய கணக்கில் அருளானந்தனின் அபிப்பிராயம் சேரவில்லை.

மறுநாள் பூசை முடிந்து காரில் ஏறியதும், "ஸ்டோவ்னருக்கு விடுங்கோ" என்றாள்.

"ஸ்டோவ்னரிலை எவடத்துக்கு?" என்றார் ஜெயரத்தினம்.

"தெரியாத ஆள்மாதிரிக் கேக்காதேங்கோ."

மனுசன் அன்றைக்குக் கார் ஓட்டிய வேகத்தில் பஸ் ஓட்டியிருந்தால் வேலை போயிருக்கும். எங்கே நடுவழியில் மனம் மாறிவிடுவாளோ என்ற பயம் அவருக்கு. லிப்டில் ஏறியதும் அவரே விசையை அழுத்தினார்.

கதவைத் திறந்த மக்டலீன் அப்படியே வாயில் கைவைத்தாள். "வாங்கோ மச்சாள், வாங்கோ அண்ணை" என்று சொல்வதற்குள் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அருளானந்தன் சோபாவில் இருந்து தொலைக்காட்சியில் பனிச்சறுக்கு ஓட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

"வந்த ஆக்களை இருக்கச் சொல்லு" என்று மக்டலீனுக்குச் சொன்னான்.

"நாங்கள் இருக்க வரேல்லை எண்டு சொல்லுங்கோ" என்று மரியரஞ்சனி கணவருக்குச் சொன்னாள். ஜெயரத்தினம் அதற்குள் உட்கார்ந்துவிட்டார்.

வழியெல்லாம் அவள் என்னென்னவோ சொல்ல யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கடைசியில் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே, "வைகாசி பத்தாம் தேதி சாருகாவுக்குக் கல்யாணம். பொம்பிளையைக் கைபிடிச்சு இறக்க மாமன் வேணும். வர ஏலுமோ எண்டு கேட்டுக்கொண்டு போக வந்தனாங்கள்" என்றாள்.

அருளானந்தன் சத்தத்தை நிறுத்தினான். மெல்லத் திரும்பி, மூன்று வருசத்தில் முதல்தடவையாக அவளுடைய முகத்தை நேரே பார்த்தான்.

"ஆர் கேக்கிறது? கொம்பனியோ?"

"அக்கா."

மக்டலீன் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"நான் அண்டைக்குச் செய்தது பிழை" என்றாள் மரியரஞ்சனி. இந்த வசனத்தை அவள் வாயிலிருந்து ஜெயரத்தினம் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீ சொன்னதும் பிழைதான். ஆனா நான் செய்தது அதைவிடப் பிழை."

"கோயிலுக்கு வந்தாலும் மாதா சுருவத்துக்கு முன்னாலை முழங்காலிலை நிக்கமாட்டன்."

"ஆர் உன்னை நிக்கச் சொன்னது? பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் காணும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நேற்று நான் சொன்ன மறுமொழி ஒண்டு பிழை, அக்கா" என்றான். "பாப்பரசரைப் பற்றினது. அந்த மனுசனிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை. ரெண்டு பேரிலையும் இல்லை. என்ரை கோவம் முழுக்க உன்னிலைதான்."

மூன்று வருசமாக அவள் பாப்பரசருக்காகச் சண்டை பிடிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்தச் சண்டையிலிருந்து பாப்பரசரைத் தூக்கி வெளியே வைத்தாயிற்று. மிச்சம் இருந்தது அக்காவும் தம்பியும் மட்டும். தன் வீட்டு ஆளில்தானே இப்படிக் கோபிக்கலாம். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மிகவும் பாதகமோ, ஓரளவு பாதகமோ?" என்று கேட்டாள்.

"மிகவும்."

"சரி ராசா, கோவிச்சுக்கொண்டே வா. பொம்பிளைக் கார் ஒம்பது மணிக்கு வெளிக்கிடும்."